மரச்சட்டகம்: பழைய ஆங்கிலேய மதுவிடுதிகளுக்கான கலைச்சொற்கள் குறித்து

அன்புள்ள ஐயாவுக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் பழைய மதுவிடுதிகளின் கட்டடக்கலையைத் தமிழில் எழுதுவதற்காகத் தாங்கள் முன்வைத்த மரவீடு, பாதிமரக் கட்டடம், கறுப்பு வெள்ளைக் கட்டடம் ஆகிய மூன்று சொற்களையும் படித்தேன். மூன்றும் எளியவை, சொல்வதற்கு இனியவை. ஆயினும் அவை கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கின்றனவே ஒழிய, அந்தக் கட்டடம் எதனால் நிற்கிறது என்பதைச் சொல்லவில்லை. கட்டடக்கலைச் சொல் ஒன்று பாரம் எதன் மீது இறங்குகிறது என்பதையே முதலில் உணர்த்த வேண்டும் என்பது என் கருத்து. ஆகையால் டிம்பர் ஃபிரேம் என்பதற்கு மரச்சட்டகம் என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

மரவீடு என்றால் பலகைகளை அடுக்கிச் சுவர் எழுப்பிய வீடுதான் வாசகர் மனத்தில் எழும். நாம் பேசும் கட்டடங்களில் சுவரின் பெரும்பகுதி மரமே அன்று. தரையில் கிடக்கும் அடிச்சட்டம், அதன்மேல் நிற்கும் தூண்கள், குறுக்கே ஓடும் உத்திரங்கள், மூலைகளில் சாய்வாகப் பொருத்திய தாங்குகட்டைகள் ஆகிய அனைத்தும் ஓக் மரத்தால் ஒரே கூடாக இணைக்கப்பட்டு, கூரை, மாடி இரண்டின் எடையையும் தரைக்கு இறக்குகின்றன. தூண்களுக்கு இடைப்பட்ட வெளியை அடைத்திருப்பது பின்னிய குச்சியும் குழைத்த மண்ணும்தான். பிற்காலத்தில் சில இடங்களில் செங்கல்லும் வந்தது. அந்த அடைப்பு முழுவதையும் பெயர்த்தெடுத்தாலும் கட்டடம் நிற்கும்.

இதற்கு மான்செஸ்டரில் உள்ள ஓல்டு வெலிங்டன் விடுதியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1552இல் எழுந்த அக்கட்டடம் 1830இல்தான் மதுவிடுதியானது. 1970களில் அதைச் சுற்றிப் புதிய வணிக வளாகம் கட்டப்பட்டபோது, மாறிய தரைமட்டத்துக்கு ஏற்ப, கட்டடத்தை ஏறத்தாழ 4 அடி 9 அங்குலம் மேலே தூக்கி நிறுத்தினார்கள். 1996 ஜூன் மாதம் ஐரிஷ் குடியரசுப் படையின் வெடிகுண்டு அந்நகரின் மையத்தைச் சிதைத்த பிறகு, மறுசீரமைப்புத் திட்டத்துக்காக அதே விடுதியைச் சட்டம் சட்டமாகப் பிரித்து, சுமார் 300 மீட்டர் தள்ளி, பேராலயத்தின் அருகில் மீண்டும் பூட்டி 1999இல் திறந்தார்கள். கல்லாலும் சாந்தாலும் கட்டிய ஒரு கட்டடத்தை இப்படி இருமுறை நகர்த்துவதைக் கற்பனை செய்து பாருங்கள். மண் அடைப்பும் பூச்சும் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டாலும், மரச்சட்டகம் இருக்கும்வரை அது அதே விடுதிதான்.

பிரித்துப் பூட்டுவது இக்கட்டடங்களுக்குப் புதிதும் அன்று. தச்சர்கள் தம் முற்றத்திலேயே மரங்களை அறுத்து, ஒரு சட்டத்தில் துளையும் மற்றொன்றில் அதனுள் நுழையும் நாக்கும் வெட்டி, தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் எண்குறி செதுக்கிய பின்னர், பிரித்து வண்டியில் ஏற்றிக் கட்டுமிடத்துக்குக் கொண்டுசென்று நிறுத்தினார்கள். அக்குறிகள் ரோம எண்களை ஒத்தவை. ஆனால் நான்கைக் குறிக்கப் பெரும்பாலும் நான்கு கோடுகளையே இழுத்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது இலக்கணச் சுத்தம் அன்று, குழப்பமின்மை. இணைப்பை இறுக்கியது ஓக் மரத்தாலான முளையாணி. இரும்பு ஆணிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஓக் மரம் காய்ந்துவிட்டால் உளிக்கு எளிதில் மசியாது என்பதால், ஈரம் காயாத பச்சை மரத்தையே பயன்படுத்தினார்கள். அது ஆண்டுக்கணக்கில் உலர்ந்து சுருங்கி முறுக்கிக்கொள்ளும். பழைய விடுதிகளின் கோணல் தளத்துக்கும் சாய்ந்த வாசலுக்கும் அதுவே முக்கியக் காரணம். கட்டியவரின் கைக்குறை என்று எழுதிவிடக் கூடாது.

இங்கே ஒரு கிளைச்செய்தி. தங்கள் உத்திரங்கள் பழைய போர்க்கப்பலிலிருந்து வந்தவை என்று சொல்லாத விடுதியே இல்லை எனலாம். பொருத்தமில்லாத துளைகளைக் கண்டு எழுந்த கதைதான் அது; பெரும்பாலும் அவை வேறொரு வீட்டில் முன்பு பயன்பட்ட மரங்கள். உண்மையிலேயே கப்பல் மரத்தால் கட்டப்பட்டது லண்டனின் லிபர்ட்டி அங்காடி. ஆனால் அது 1924இல் பழைய பாணியைப் போலச் செய்த கட்டடம், மதுவிடுதியும் அன்று.

பாதிமரக் கட்டடம் என்ற சொல் ஹாஃப்-டிம்பர் என்பதன் நேர் பெயர்ப்பு. எந்தப் பாதி என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் பீர் தயாரிப்பு நிறுவனங்கள் செங்கல் சுவரின் மேல் பலகைகளை அறைந்து கறுப்புச் சாயம் பூசி, 16ஆம் நூற்றாண்டை ஒட்டிய டியூடர் மன்னர் காலத்துத் தோற்றத்தில் ஏராளமான விடுதிகளை எழுப்பின. பாதிமரம் என்றால் அவையும் அதற்குள் வந்துவிடும். மரச்சட்டகம் என்றால் வாரா. கறுப்பு வெள்ளை என்பதற்கும் இதே தடை. ஓக் மரத்துக்குக் கறுப்பு பூசும் பழக்கம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. அதற்கு முன் பல கட்டடங்களில் மரம் தன் சாம்பல் நிறத்திலேயே விடப்பட்டது, அல்லது சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது.

சட்டம் என்றாலே போதுமே, சட்டகம் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஜன்னல் சட்டம் என்று தச்சர் வழங்கும் சொல் நமக்குத் தேவைதான். அதைத் தனித்தனி மரத்துக்கு ஒதுக்கிவிட்டு, அவை சேர்ந்த முழு அமைப்பைச் சட்டகம் எனலாம். அச்சொல்லுக்கு அகராதிகள் உடல் என்றும் பொருள் தருவதால், பாரம் சுமக்கும் அமைப்புக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

இச்சொல் இடர்ப்படும் இடத்தையும் சோதித்துப் பார்த்தேன். சாமர்செட்டின் நார்ட்டன் செயின்ட் ஃபிலிப் ஊரில் கார்த்தூசியர் என்ற கிறித்தவத் துறவியரின் மடத்துக்குச் சொந்தமாயிருந்த ஜார்ஜ் விடுதியின் தரைத்தளம் கல். மேல்தளங்களின் முகப்பு மரம். பாதிமரம் என்று கூற வாய்ப்பளிக்கும் கட்டடம் அதுவே. அங்கும் கல் தளத்தின் மேல் மரச்சட்டகம் என்று எழுதினால் ஐயம் ஏதும் எழவில்லை.

வகைகளுக்கும் பெயர் வேண்டும். தூணும் உத்திரமும் செங்கோணத்தில் கூடுவதைப் பெட்டிச் சட்டகம் எனலாம். இயல்பாக வளைந்த ஓர் அடிமரத்தை இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிரே சாய்த்து, தரையிலிருந்து முகடு வரை கொண்டுசெல்லும் க்ரக் முறைக்குக் கவட்டுச் சட்டகம் என்ற பெயர் பொருந்தும். இம்முறை இங்கிலாந்தின் மேற்கிலும் வடக்கிலும் மிகுதி, தென்கிழக்கில் அரிது.

பின்னிய குச்சியில் மண் அப்பிய அடைப்புக்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதே இல்லை. வரிச்சுச் சுவர் என்ற சொல் இலங்கையிலும் தமிழகத்திலும் வழங்குகிறது. இங்கிலாந்தில் ஹேசல் என்ற புதர்மரத்தின் குச்சி, களிமண், வைக்கோல், சாணம்; பொருள் சற்று மாறினாலும் முறை அதுவே.

எஞ்சியிருப்பது ஆங்கிலத்தில் ஜெட்டி (jetty) எனப்படும் உறுப்பு. கீழ்ச்சுவரைத் தாண்டி மாடியின் தளக்கட்டைகளை வெளியே நீட்டி, அந்த நுனிகளின் மேல் மாடிச்சுவரை எழுப்பும் அமைப்பு இது. குளோஸ்டர் நகரில், இரண்டாம் எட்வர்டு மன்னரின் கல்லறைக்கு வந்த யாத்திரிகர்கள் தங்குவதற்காக, 1450ஐ ஒட்டி ஜான் ட்வைனிங் என்ற துறவி எழுப்பிய நியூ இன் விடுதியின் தெரு முகப்பில் இதைக் காணலாம். உள்முற்றத்தைச் சுற்றி ஓடும் மாடித் தாழ்வாரங்கள் தனி அழகு. மாடியை இப்படி நீட்டுவதால் மேலே இடம் கூடுகிறது. நீட்டிய நுனியில் இறங்கும் சுவரின் எடை கட்டையின் நடுப்பகுதி தொய்வதையும் குறைக்கிறது. உரிமையாளரின் செல்வத்தைத் தெருவுக்கு அறிவிக்கவும் செய்கிறது. இந்த உறுப்புக்குத் தாங்கள் சொன்ன பிதுக்கம் என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. அது சுவர் பழுதுபட்டு உப்பியதைக் குறிக்கும். கொடுங்கை என்ற சொல்லும் பொருந்தாது; அது கோயில் கட்டடக்கலையில் வளைந்த கூரை விளிம்புக்கு உரியது. மாடி நீட்டம் என்று வைத்துக்கொண்டு, இரு தெருக்கள் கூடும் மூலையில் இருபுறமும் நீளும்போது குறுக்கே போடும் கட்டையை மூலைவிட்டக் கட்டை என்று அழைக்கலாமா என்பதைத் தாங்களும் தச்சுத்தொழில் அறிந்த நண்பர்களும் சொல்ல வேண்டும்.