புதுப்பிப்பு: கிளிநொச்சி வீட்டு ஹோலுக்கு வாங்கிய ஸ்பீக்கர்கள்

24 அடிக்கு 18 அடி ஹோலுக்கு எந்த நெடிய ஸ்பீக்கர் பொருந்தும் என்று சென்ற மாதம் உங்களிடம் கேட்டிருந்தேன். 90 டெசிபெல் உணர்திறன் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எழும் சத்தம்) உள்ள சோடியையே எடுத்தேன். 87 டெசிபெல் சோடி என்றால் அதே சத்தத்துக்கு இரு மடங்கு வாட் வேண்டும். என் ஆம்பிளிபயரோ 50 வாட்தான்.

முதல் நாள் மனம் உடைந்துபோனது. யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைப் போட்டேன். தவிலில் கோலால் அடிக்கும் தொப்பிப் பக்க அடிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பின. காரணம், அடித்தொனி வெளிவரும் ஸ்பீக்கரின் பின்பக்கத் துளை சுவரோடு ஒட்டியிருந்தது. நீங்கள் சொன்னபடி இரண்டரை அடி முன்னே இழுத்து, டைல்ஸ் தரையில் தடித்த கம்பளம் விரித்தேன். இப்போது விரல்களில் மாட்டும் விரற்கூடு வலப்பக்க வலந்தலையில் பட்டு எழும் ஒவ்வொரு தாளச்சொல்லும் தனித்தனியாக விழுகிறது! அம்மா குசினி வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார்.

யன்னல் திரைகள் மட்டும் இன்னும் தைத்து வரவில்லை.