கம்மி பட்ஜெட் கேமிங் பிசி: ஏஎம்5 எடுத்துட்டு கிராபிக்ஸ் கார்டு காசுல கை வைக்கவா, ஏஎம்4 போதுமா?

பாதிராத்திரி_கேமர்:
வணக்கம் மக்களே. முதல் தடவையா நானே பார்ட்ஸ் வாங்கி பிசி அசெம்பிள் பண்ணலாம்னு இருக்கேன், மூணு வாரமா வீடியோ பாத்து பாத்து மண்டை காஞ்சு போச்சு. என் லிஸ்ட்: ரைசன் 5 7600, பி650 போர்டு, டிடிஆர்5 ரேம் 16 ஜிபி ஒரே ஸ்டிக், ஆர்எக்ஸ் 6600 கார்டு, 1 டிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி, கேபினெட் கூடவே ஃப்ரீயா வர்ற 500 வாட்ஸ் பவர் சப்ளை. மொத்த பட்ஜெட்ட நூறுனு வச்சுக்கிட்டா ப்ராசசர் போர்டு ரேம் மூணுமே 55 தின்னுடுது, கார்டுக்கு 25 தான் மிஞ்சுது. பின்னாடி அப்கிரேட் பண்ணிக்கலாம்னு தான் பழைய ஏஎம்4ஐ விட்டுட்டு ஏஎம்டியோட புது சாக்கெட் (போர்டுல ப்ராசசர் சொருகுற இடம்) ஏஎம்5 எடுத்தேன். இதுக்கு மேல ஒத்த பைசா ஏத்த முடியாது. லிஸ்ட் ஓகேவா?

பழசே_போதும்:
ஓகே இல்ல. நீங்க கேம் ஆட பிசி வாங்குறீங்களா, சாக்கெட் வாங்குறீங்களா? கேமுக்கு கார்டு தான் உசுரு, அதுக்கு கால்வாசி காசு, மிச்சமெல்லாம் அடித்தளத்துக்கா? ரைசன் 5 5600 போடுங்க, 2022ல வந்தது தான், ஆறு கோர் பன்னெண்டு த்ரெட், இன்னைக்கும் தாராளமா தாங்கும். டிடிஆர்4, ஏஎம்4 போர்டுனு போயிட்டு மிச்சம் புடிக்கிற காச அப்படியே கார்டுல கொட்டுங்க.

கணக்குப்புலி:
வழக்கம்போல ஆரம்பிச்சாச்சு. தம்பி அவர் பேச்ச கேக்காதீங்க, ஏஎம்4 முடிஞ்சு போன சாக்கெட். ஏஎம்5க்கு 2027 வரைக்கும், அதுக்கு மேலயும் சப்போர்ட்னு ஏஎம்டியே சொல்லிருக்கு. கார்டு மாத்துறது பத்து நிமிஷ வேலை, பழச கழட்டி வித்துட்டு புதுச சொருகிட்டு போயிட்டே இருக்கலாம். ஆனா ஏஎம்4ல மாட்டிக்கிட்டா நாளைக்கு ப்ராசசர் போர்டு ரேம் மூணையும் சேத்து தூக்கிப் போடணும். மாத்துறதுக்கு கஷ்டமானத இப்பவே நல்லதா எடுத்துடணும், சுலபமானத அப்புறம் பாத்துக்கலாம்.

பழசே_போதும்:
முடிஞ்சு போன சாக்கெட்டாம்! 2017ல ஏஎம்4 போர்டு வாங்கினவங்கள்ல எத்தனையோ பேர் 2022ல பயாஸ் (போர்டுக்குள்ள இருக்குற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணி அதே போர்டுல 5800எக்ஸ்3டி ப்ராசசர் மாட்டினாங்க. 2024லயும் 5700எக்ஸ்3டி வந்துச்சு. செத்தது இவ்ளோ நாள் நடமாடுமா

கணக்குப்புலி:
ஹாஹா நீங்களே எனக்கு சாட்சி சொல்றீங்க. அந்த பலன அனுபவிச்சது யாரு? 2017ல *புது* சாக்கெட் வாங்கினவன். இன்னைக்கு அந்த இடத்துல இருக்கறது ஏஎம்5.

பழசே_போதும்:
சரி அது பாயின்ட் தான், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், நெஞ்ச தொட்டு சொல்லுங்க, அப்கிரேட் பண்ணலாம்னு வாங்கி எத்தனை பேர் நிஜமா பண்ணீங்க? நான் இதுவரைக்கும் மூணு பிசி கட்டிட்டேன், ஒவ்வொரு தடவையும் "நாளைக்கு ப்ராசசர் மட்டும் மாத்திக்கலாம்"னு போர்டுக்கு கூட காசு போட்டேன், ஒரு தடவ கூட மாத்தல, அந்த நாளை வரும்போது சாக்கெட்டே மாறிடுச்சு. வராத நாளைக்காக ரெண்டு வருஷம் லோ செட்டிங்ஸ்ல ஆடணுமா?

மின்மினி:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. கேட்டவர் என்ன மானிட்டர் வச்சிருக்கார், என்ன கேம் ஆடுவார்னு யாராவது கேட்டீங்களா? நொடிக்கு 60 ஃபிரேம்னா ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட் டைம் இருக்கு, 144னா வெறும் 6.9. ப்ராசசர் திணறுறது பெரும்பாலும் அந்த ரெண்டாவது கேஸ்ல தான்.
அப்புறம் அந்த ஒரே ஸ்டிக் ரேம் வேண்டாம், ரெண்டா எடுங்க.

கணக்குப்புலி:
மின்மினி ப்ரோ, டிடிஆர்5ல ஒரு ஸ்டிக்குக்குள்ளயே ரெண்டு சானல் (டேட்டா போற பாதை) இருக்கே. ஒண்ணு போதும்.

மின்மினி:
முதல்ல நான் ப்ரோ இல்ல, அக்கா. அடுத்து, அந்த ரெண்டு சானலும் ஆளுக்கு 32 பிட், கூட்டினா அதே பழைய 64 பிட் தான். ரெண்டு ஸ்டிக் போட்டா தான் 128. ஒரே குழாய குறுக்க தடுத்து ரெண்டு குழாய்னு சொன்னா தண்ணி கூடவா வரும்?

கணக்குப்புலி:
மன்னிச்சுக்கங்க அக்கா. ரெண்டுக்கும் சேத்து.

பாதிராத்திரி_கேமர்:
மானிட்டர் 1080பி 60 ஹெர்ட்ஸ், பழசு. வார நாள்ல ஃப்ரெண்ட்ஸ் கூட வாலரன்ட், லீவு நாள்ல பெரிய கதை கேம்ஸ்.

பழசே_போதும்:
60 ஹெர்ட்ஸா!! கேஸ் க்ளோஸ். 60 தாண்டி எத்தனை ஃபிரேம் வந்தாலும் அந்த ஸ்க்ரீன் நொடிக்கு 60 தடவ தான் புதுப்பிக்கும்.

கணக்குப்புலி:
மானிட்டர் நாளைக்கே மாறலாம். வாலரன்ட் மாதிரி கேம் முழுக்க ப்ராசசர் கேம், அங்க 7600 தனியா தெரியும். 60 ஹெர்ட்ஸ்லயும் ஃபிரேம் கூடினா மவுஸ் லேக் குறையும், அதையும் சொல்லுங்க.

பழசே_போதும்:
வாலரன்ட்டுக்கு 5600லயே 144 தாண்டி வரும், அதுக்கு எதுக்கு 7600? நீங்க லீவு நாள் கேம பத்தி வாயே திறக்கலயே. 6600ல 8 ஜிபி விராம் (கார்டோட சொந்த மெமரி) தான். இப்ப வர்ற பெரிய கேம்ல டெக்ஸ்சர ஹை வச்சா அது நிரம்பிடும், நிரம்பினா ஆவரேஜ் ஃபிரேம் நல்லா தான் காட்டும், ஆனா கேம்ல திரும்பும்போதெல்லாம் படம் ஒரு வெட்டு வெட்டும். 12 ஜிபி கார்டு எடுக்கணும்.

ஃப்ரேம்_வேட்டை:
12 ஜிபினா இன்டெல் ஆர்க் பி580 எடுங்க, 5600 கூட போட்டா மேட்டர் முடிஞ்சுது. இதுக்கா இவ்ளோ சண்டை

மின்மினி:
முடியாது. பி580 நல்ல கார்டு, ஆனா அதோட டிரைவர் ப்ராசசர் மேல அதிக வேலைய ஏத்துது. 2025 தொடக்கத்துல வந்த டெஸ்ட்ல இதே 5600 கூட போட்டப்ப சில கேம்ல நல்லாவே ஃபிரேம் விழுந்துச்சு, அப்புறம் அப்டேட்ல சிலது சரி பண்ணாங்க. ரீசைசபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் ப்ராசசர் ஒரே தடவையில அணுகற வசதி) ஆன் பண்ண முடியாத பழைய போர்டுனா அந்த பக்கமே போகாதீங்க. சின்ன ப்ராசசர், பெரிய கார்டுங்கறது எல்லா கார்டுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது.

கணக்குப்புலி:
கேட்டுக்கிட்டீங்களா @பழசே_போதும்? 7600 இருந்தா இந்த தலைவலியே இல்ல.

பழசே_போதும்:
7600 எடுத்தா பி580 வாங்க காசே இல்ல, அப்ப தலைவலி எப்படி வரும் 😂 ரேம் விலை 2025 கடைசிலேந்து எகிறி கிடக்குற நேரத்துல டிடிஆர்5 எடுக்க சொல்றீங்க.

கணக்குப்புலி:
டிடிஆர்4 மட்டும் கீழயா கிடக்கு? அதுவும் தான் ஏறிடுச்சு.

பாதிராத்திரி_கேமர்:
ஒரு சின்ன விஷயம் சொல்ல மறந்துட்டேன். எங்க அண்ணன் அவன் பழைய பிசிய பிரிச்சுட்டான், அதுல டிடிஆர்4 3200 ரெண்டு 8 ஜிபி ஸ்டிக் சும்மா கிடக்கு, வேணும்னா எடுத்துக்கோனான். பழைய ரேம் எதுக்குனு நான் கண்டுக்கல. அது இங்க உதவுமா?

மின்மினி:
🤦‍♀️

பழசே_போதும்:
யோவ் இத முதல் வரியிலயே சொல்லிருக்கணும்யா! ரெண்டு நாளா நாங்க இங்க மல்லு கட்டிட்டு இருக்கோம்

கணக்குப்புலி:
ரேம் சும்மா கிடைக்குதுனா கணக்கே வேற. இந்த தம்பிக்கு மட்டும் ஏஎம்4னு ஒத்துக்கறேன். ரேமுக்கு காசு குடுக்கிறவங்களுக்கு நான் சொன்னது சொன்னது தான், யாரும் இத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்க வேண்டாம்.

பாதிராத்திரி_கேமர்:
அப்ப 5600 ஃபிக்ஸ். ஒருத்தர் பி450 போர்டு செகண்ட்ஹேண்ட்ல தர்றார், பி550 புதுச விட ரொம்ப கம்மி. எடுக்கலாமா?

மின்மினி:
பி450ல பிசிஐஇ (கார்டுக்கும் ப்ராசசருக்கும் நடுவுல டேட்டா போற பாதை) 3.0 தான். 6600, ஆர்டிஎக்ஸ் 4060 ரெண்டுமே 8 லேன் கார்டு, 4.0ல நொடிக்கு 16 ஜிபி கிட்ட போற பாதை 3.0ல 8 ஆயிடும். விராம் நிரம்பாத வரைக்கும் பெருசா தெரியாது, நிரம்பி சிஸ்டம் ரேம்லேந்து இழுக்க ஆரம்பிச்சா அப்ப தெரியும். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபினா முழு 16 லேன், இந்த போர்டுக்கு அது தான் தோது. சுத்தமான வேகத்துல 4060 முந்தும், அதையும் தெரிஞ்சுக்கிட்டே எடுங்க. 3060லயே 8 ஜிபி மாடல் ஒண்ணு இருக்கு, பேர பாத்து ஏமாந்துடாதீங்க.

இன்னொண்ணு, ஆள் ஆளுக்கு சாக்கெட்டுக்கு அடிச்சுக்கிட்டதுல அந்த ஃப்ரீ பவர் சப்ளைய எல்லாரும் விட்டுட்டீங்க. அதோட ஸ்டிக்கர்ல 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்ப்ஸ்னு போட்டிருக்கும், படிச்சு சொல்லுங்க.

பாதிராத்திரி_கேமர்:
கேபினெட் வாங்கியாச்சு, கையில தான் இருக்கு. +12வி 22ஏ னு இருக்கு.

மின்மினி:
12ஐ 22ஆல பெருக்குங்க. 264 வாட்ஸ். பேர் மட்டும் 500. கார்டும் ப்ராசசரும் சாப்பிடுறது எல்லாம் அந்த 12 வோல்ட்லேந்து தான்.

ஃப்ரேம்_வேட்டை:
3060க்கு 170, 5600க்கு 76னு வச்சா 246 தானே வருது. ஓடுமே?

மின்மினி:
ஓடும், கார்டு இழுக்கிற கரன்ட் ஒரு நொடிக்கும் கம்மியான நேரத்துக்கு திடீர்னு எகிறாத வரைக்கும். எகிறும். அப்ப நல்ல சப்ளைனா தாங்கும், இல்ல சுத்தமா அணைஞ்சுடும், இது என்ன பண்ணும்னு தெரியாது. என் முதல் பிசில இப்படி ஒரு ஃப்ரீ டப்பா தான் போர்டையும் சேத்து கூட்டிட்டு போச்சு. 80 ப்ளஸ் ஸ்டிக்கர மட்டும் நம்பாதீங்க, அது கரன்ட் எவ்ளோ வீணாகாம வருதுங்கறதுக்கு தான், உள்ள பாதுகாப்பு சர்க்யூட் எப்படி இருக்குனு அது சொல்லாது. ரிவ்யூ படிச்சு ஒரு நல்ல 550 எடுங்க, காசு பத்தலனா எஸ்எஸ்டிய 500 ஜிபி ஆக்குங்க.

பழசே_போதும்:
இதுல அக்கா சொன்னா அப்பீல் இல்ல

கணக்குப்புலி:
ஆமா. முதல் தடவையா நானும் இவரும் ஒரே பக்கம்.

பாதிராத்திரி_கேமர்:
ஒரு வாரம் கழிச்சு வந்திருக்கேன். எல்லாம் வாங்கியாச்சு: 5600, பி450, அண்ணன் ரேம், 3060 12 ஜிபி, நல்ல 550 வாட்ஸ், 500 ஜிபி எஸ்எஸ்டி. மாட்டி ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன் கருப்பாவே இருக்கு. கேபிள் போர்டுல இல்ல, கார்டுல தான் சொருகிருக்கேன். என்ன ஆச்சு??

மின்மினி:
விக்கிறவர்கிட்ட பயாஸ் எந்த வெர்ஷன்னு கேட்டீங்களா? பி450 2018ல வந்த போர்டு, உங்க ப்ராசசர் 2022. பழைய பயாஸுக்கு அத யாருன்னே தெரியாது.

பாதிராத்திரி_கேமர்:
கேக்கணும்னே தெரியாது அக்கா 😭

கணக்குப்புலி:
நான் எதுவும் சொல்லல. சும்மா எட்டிப் பாத்துட்டு போறேன்.

பழசே_போதும்:
போங்க போங்க

மின்மினி:
போர்டு பின்னாடி பயாஸ் ஃப்ளாஷ்னு ஒரு பட்டன் இருக்கானு பாருங்க. எல்லா பி450லயும் இருக்காது. இருந்தா ப்ராசசரே தேவையில்ல. பென் டிரைவ எஃப்ஏடி32ல ஃபார்மட் பண்ணி, போர்டு கம்பெனி சைட்ல உங்க மாடலுக்கான பயாஸ் ஃபைல எடுத்து, மேனுவல்ல சொன்ன பேர வச்சு, அதுக்குன்னு இருக்குற யூஎஸ்பி போர்ட்ல சொருகி பட்டன அமுக்குங்க. பட்டன் இல்லனா பழைய ரைசன் வச்சிருக்கிற யாரையாவது புடிக்கணும். லைட் சிமிட்டி முடியற வரைக்கும் கரன்ட் போகக்கூடாது.

பாதிராத்திரி_கேமர்:
பட்டன் இருக்கு!! அமுக்கிட்டேன், லைட் சிமிட்டுது. வீட்டுல யாரும் எந்த ஸ்விட்ச்சையும் தொடக்கூடாதுனு சொல்லிட்டு பக்கத்துலயே உக்காந்திருக்கேன்.