இடையிசையிலிருந்து புல்லாங்குழலை மட்டும் நீக்க வழி உண்டா?

குழல்மாணவர்:

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாகப் புல்லாங்குழல் பயின்று வருகிறேன். அண்மையில் எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவிலும் சேர்ந்திருக்கிறேன். 1980-களின் திரைப்பாடல்களில் வரும் குழல் பகுதிகளை மூல இசையோடு சேர்ந்தே வாசித்துப் பழக வேண்டும் என்பது என் விருப்பம். விற்பனைக்குக் கிடைக்கும் கரோக்கிகளில் பாடகரின் குரல் மட்டுமே நீக்கப்பட்டிருக்கும். குழல் அப்படியே ஒலிக்கும்.

பாடலைக் குரல், கருவி எனத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளீட்டர், டிமக்ஸ் ஆகிய இரண்டு மென்பொருள்களையும் பயன்படுத்திப் பார்த்தேன். குரல், டிரம்ஸ், பேஸ் மூன்றும் நன்றாகவே பிரிகின்றன. ஆனால் குழலோ வயலின்களோடும் கிட்டாரோடும் கலந்து ‘மற்றவை’ என்ற கோப்பில் வந்து சேர்கிறது. சில இடங்களில் குரல் கோப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. குழலை மட்டும் தனியே எடுப்பதற்கு ஏதேனும் வழி இருக்கிறதா?

ஒலிக்கலவை:

வணக்கம் நண்பரே. இது தங்கள் கணினியின் குறை அன்று. இத்தகைய மென்பொருள்கள் எதைக் கேட்டுப் பழகினவோ அதைத்தான் பிரிக்கும். இத்துறையில் பெரிதும் பயன்படும் மியூஸ்டிபி18 என்ற தொகுப்பில் உள்ள 150 பாடல்களும் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்னும் நான்கு பிரிவுகளாகவே தரப்பட்டுள்ளன. டீசர் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டரில் பியானோவுக்குத் தனிப் பிரிவு உண்டு. டிமக்ஸின் ஆறு பிரிவு வடிவத்தில் கிட்டாரும் பியானோவும் உண்டு. இரண்டிலும் குழலுக்கென்று இடமே இல்லை.

எனினும், குழல் குரல் கோப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று குறையாகச் சொன்னீர்களே, தங்களுக்கு வேண்டிய வழி அதுவேதான். ஒற்றை இழையாக, மூச்சோடும் கமகத்தோடும் செல்லும் குழலை மென்பொருள் பல வேளைகளில் மனிதக் குரலாகவே எடுத்துக்கொள்கிறது. இடையிசையில் யாரும் பாடுவதில்லை; ஆகவே கோரஸ் இல்லாத இடையிசையில் குரல் கோப்புக்குள் விழுவது பெரும்பாலும் குழலாகத்தான் இருக்கும். இடையிசையை மட்டும் தனியே வெட்டி எடுத்து, குரல் பிரிப்புக்குக் கொடுத்துப் பாருங்கள். அல்டிமேட் வோக்கல் ரிமூவர் என்ற இலவச மென்பொருளில் பல பிரிப்பு மாதிரிகள் இருப்பதால், எது குழலை அதிகமாகப் பிடிக்கிறது என்று ஒப்பிட்டுத் தேர்ந்துகொள்ளலாம்.

கிடைத்த குழல் கோப்பின் ஒலியலையை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் மேல்கீழாகத் திருப்பி (இன்வெர்ட்) மூலத்தின் மேல் சேர்த்தால், அது மூலத்திலிருந்து கழிந்துவிடும். பிரித்த துண்டுகளை மீண்டும் ஒன்றுசேர்ப்பதைவிட இதில் ஒலிச்சிதைவு பொதுவாகக் குறைவு. ஆனால் இரண்டும் சுருக்கப்படாத வேவ் கோப்புகளாகவே இருக்க வேண்டும். எம்பி3 ஆக மாற்றினால் தொடக்கத்தில் மிகச் சிறிய மௌனம் சேர்ந்து, அலைகள் பொருந்தாமல் போய்விடும்.

மேடைக்கருவி:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்டீரியோ பதிவாக இருந்தால், முதலில் ஹெட்போனில் குழல் எந்தப் பக்கம் ஒலிக்கிறது என்று கேளுங்கள். அது முழுவதும் ஒரே பக்கம் இருந்தால், அந்தச் சில நொடிகளுக்கு மறுபக்கத்தை மட்டும் இரு காதுகளுக்கும் கொடுத்தாலே வேலை முடிந்துவிடும். அமெரிக்காவில் ஜேமி ஏபர்சோல்ட் 1967-இல் தொடங்கிய ஜாஸ் பயிற்சி இசைத்தட்டு வரிசை இந்த வசதியைக் கருதியே ஒரு பக்கம் பேஸும் மறுபக்கம் பியானோவுமாகக் கலக்கப்பட்டது. பேஸ் வாசிப்பவர் பேஸ் உள்ள பக்கத்தின் ஒலியை அடக்கிவிட்டு வாசிப்பார். இரு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவுகளில் இதற்கு வாய்ப்பே இல்லை.

அடுத்து, குழலை அடியோடு அழிக்க முயலாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 12 டெசிபெல் குறைத்தாலே அதன் அலைவீச்சு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். மேலே தங்கள் குழல் ஒலிக்கும்போது மிச்சம் காதில் விழாது. முழுவதும் அழிக்கப் போனால் அதோடு சேர்ந்து வயலின்களின் ஒலியும் குழிவிழுந்ததுபோல் ஆகிவிடும். குழலுக்கு மேற்சுரங்கள் வயலினைவிடக் குறைவு, அடிப்படைச் சுரமே வலுவானது. ஆதலால் ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் அது தனிக் கோடாகத் தெரியும் இடங்களில் அந்தக் கோட்டை மட்டும் தேர்ந்து ஒலியைக் குறைக்கலாம். பொறுமை வேண்டும், ஆனால் எட்டு அட்சர இடையிசைக்கு இது கைக்கு அடங்கிய வேலைதான்.

குழல்மாணவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. குரல் பிரிப்பு வழியே முயன்றதில் குழலின் பெரும்பகுதி விலகிவிட்டது. அதன் எதிரொலி மட்டும் இன்னும் மெலிதாகக் கேட்கிறது. ஆனால் பாடல் என்னுடைய 5 கட்டைச் சுருதிக் குழலைவிடச் சுருதியில் சற்று மேலே நிற்கிறது. குழலை நான் திருத்த முடியாதே?

ஒலிக்கலவை:

எதிரொலி இருந்துவிட்டுப் போகட்டும்; தங்கள் வாசிப்புக்கு அதுவே இதமான பின்புலமாக அமையும்.

சுருதி விலகுவதற்குப் பெரும்பாலும் டேப் ஓடிய வேகம்தான் காரணம். வேகம் நூற்றில் ஒரு பங்கு கூடினால் சுருதி ஏறத்தாழ 17 சென்ட் உயரும். அரைச் சுரம் என்பது 100 சென்ட். ஆகவே சுருதியை மட்டும் மாற்றும் கருவியைத் தவிர்த்து, வேகத்தையும் சுருதியையும் ஒருசேர மாற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள். ஒலி கெடாது, தாளமும் பாடியபோது இருந்த நடைக்குத் திரும்பும். குழலை நீக்கிய பிறகே இதைச் செய்யுங்கள்.

வீட்டில் பயில்வதற்கு இவ்வளவு போதும். மேடைக்கோ யூடியூபுக்கோ கொண்டுபோவதானால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஒரு கருவியை நீக்கியதால் மூலப் பதிவின் உரிமை மாறிவிடாது. இந்தியச் சட்டப்படி அது வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். தங்கள் குழுவில் வயலினும் கீபோர்டும் வாசிப்பவர்கள் இருப்பதால், மேடையில் அந்த இடையிசையை அவர்களோடு நேரடியாகவே வாசிப்பது நல்லது.