புதுப்பிப்பு: மசாஃபர் யட்டா போய் வந்தேன்

மேற்குக் கரையில் நிலக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே வாழும் பாலஸ்தீனக் கிராமங்களைப் பார்க்க எங்கே போகலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். ஹெப்ரோனுக்குத் தெற்கே மசாஃபர் யட்டா என்ற மலைக் கிராமங்களுக்குப் போகச் சொன்னவர்களுக்கு நன்றி. போய் வந்தாச்சு.

பெத்லகேமிலிருந்து ஹெப்ரோன், அங்கிருந்து யட்டா, இரண்டுக்கும் மஞ்சள் ஷேர் வேன். அதற்குமேல் மண்பாதைதான், முதுகு ஒருவழியாகிவிட்டது.

1980களின் தொடக்கத்தில் இஸ்ரேல் ராணுவம் இந்த மலைப்பகுதியைத் தன் பயிற்சிக்கான 'துப்பாக்கிச் சூட்டு மண்டலம் 918' என்று அறிவித்தது. 2022 மே மாதம் இஸ்ரேல் உச்ச நீதிமன்றமும் மக்களை வெளியேற்ற வழிவிட்டது. இது 'சி' பகுதி, அதாவது இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் உள்ள பகுதி. மேற்குக் கரையில் சுமார் 60% இப்படித்தான். கட்டட அனுமதி இஸ்ரேலிடம் வாங்க வேண்டும். கிடைப்பது குதிரைக்கொம்பு.

நான் தங்கிய வீடு பாதி குகை. வெளியே, அனுமதியில்லையென்று இடித்துப்போட்ட அறையின் குவியலில் நீல டைல்ஸ் ஒட்டியபடியே ஒரு சுவர்த் துண்டு. அதன்மேல் கோழி நிற்கிறது. இடிபாட்டுக் கம்பிகளை நிமிர்த்தி ஆட்டுப்பட்டிக்கு வேலி போட்டிருந்தார் அந்த வீட்டம்மா.

"அனுமதியில்லாமல் ஏன் கட்டுகிறார்கள்?" என்று பழைய பதிவில் மேதாவித்தனமாகக் கேட்டிருந்தேன் அல்லவா, அதையே அவரிடமும் கேட்டுத் தொலைத்தேன். "மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. எங்கே படுப்பான்?" என்றார். பிறகு மரமியா (சேஜ் என்ற மூலிகை) இலை போட்ட டீ கொடுத்தார்.

படம் கேட்டவர்களுக்கு: முகமோ வீடோ தெரியும் படங்களைப் போட வேண்டாமென்று அந்த வீட்டுக்காரர்களே சொல்லிவிட்டார்கள். செலவுக் கணக்கு ஞாயிற்றுக்கிழமை.