ஐ5-4460-ஐ எடுத்துட்டு ஐ7 போடலாமா? கையில் 8,000 ரூபாய்

பெரம்பூர்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் காலேஜ் படிச்சப்ப வாங்கின சிஸ்டம் இப்ப என்கிட்ட வந்திருக்கு. ப்ராசஸர் ஐ5-4460, மதர்போர்டு எச்81, ரேம் 8 ஜிபி டிடிஆர்3 ஒரே ஸ்டிக், கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி, எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். ராத்திரி ஃப்ரெண்ட்ஸோட கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, தனியா இருந்தா ஜிடிஏ 5. கவுன்டர்-ஸ்ட்ரைக்ல சும்மா ஓடிட்டு இருக்கும்போது பிரச்சனை இல்ல. புகை குண்டு போட்டு நாலு பேர் ஒண்ணா உள்ள வந்தா படம் அப்படியே நின்னு நின்னு வருது. அந்த நேரத்துல தான் சாகுறேன். ஃப்ரெண்ட்ஸோட பேச டிஸ்கார்டும் கூடவே ஓடும்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில பழைய ஐ7-4770 நாலாயிரம் சொன்னாங்க. எதிர்க்கடையில "இந்த போர்டுக்கு இனிமே காசு போடாத, மொத்தமா மாத்து"ன்னாங்க. பார்ட் டைம் வேலை பார்த்து சேர்த்த காசு, அதனால தான் கேட்டுட்டு செலவு பண்ணலாம்னு இருக்கேன்.

கொளத்தூர்_அக்கா:
தம்பி, நான் வீட்டுலயே சர்வீஸ் பண்றவ. உன் மாதிரி எச்81 போர்டு இன்னும் வாரம் தவறாம என் மேசைக்கு வருது. காசை எடுக்கறதுக்கு முன்னாடி இன்னிக்கே ஒரு வேலை பண்ணு. கவுன்டர்-ஸ்ட்ரைக்ல ரெசல்யூஷனை 1280x720-க்கு இறக்கி, அதே மேப்ல விளையாடு. எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வருதுங்கிறது) நல்லா ஏறினா உன்னைப் பிடிச்சு வைக்கிறது கார்டு. ஏறவே இல்லன்னா ப்ராசஸர். டாஸ்க் மேனேஜர்ல சிபியு கிராஃபை லாஜிக்கல் ப்ராசஸர் வாரியா மாத்தி வச்சுக்கோ, நாலு கட்டமும் நூறுல முட்டுதான்னு தெரியும். மெமரி எவ்வளவு நிக்குதுன்னும் பாரு. ஜிடிஏக்கும் இதையே தனியா பண்ணு, ரெண்டு கேமுக்கும் பதில் ஒண்ணா இருக்கணும்னு இல்ல.

4460-க்கு நாலு கோர், நாலு த்ரெட் (ஒரே நேரத்துல ஓடற வேலை வரிசை), வேகம் டர்போல 3.4 கிகாஹெர்ட்ஸ். 4770-க்கும் நாலு கோர் தான், ஆனா எட்டு த்ரெட், 3.9 வரைக்கும் போகும், சிப்புக்குள்ளயே இருக்கிற கேஷ் மெமரி 6-க்கு பதிலா 8 எம்பி. கேமும் டிஸ்கார்டும் விண்டோஸும் நாலு த்ரெட்டுக்கு அடிச்சுக்கிற இடத்துல அந்தக் கூடுதல் நாலு நிஜமாவே உதவும். சராசரி எஃப்பிஎஸ் பெருசா மாறாது. நீ சொல்ற அந்த நின்னு நின்னு வர்றது தான் குறையும். உன் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். உனக்கு வேண்டியது 60-க்கு கீழ விழாம இருக்கறது, 150 இல்ல.

ஆனா முதல் செலவு ப்ராசஸர் இல்ல, ரெண்டாவது ரேம் ஸ்டிக். ஒரே ஸ்டிக்னா சிங்கிள் சேனல், ப்ராசஸருக்கு டேட்டா வர்ற வழி பாதி அடைச்சுக் கிடக்கு. எச்81-ல ரெண்டே ஸ்லாட், 16 ஜிபி தான் உச்சம், அதனால இன்னொரு 8 ஜிபி, 1600 ஸ்பீடு வாங்கிப் போட்டுட்டா அந்தக் கதை முடிஞ்சது. இதை யாரும் கடையில சொல்ல மாட்டாங்க.

அம்பத்தூர்_ரைசன்:
அக்கா சொல்ற டெஸ்ட் சரி. ஆனா 4770-ம் 2013-ல வந்த சிப். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது, விண்டோஸ் 11 இன்டெல்ல எட்டாம் தலைமுறைக்குக் கீழ அதிகாரப்பூர்வமா ஏத்துக்காது. செத்த பிளாட்ஃபார்ம்ல காசு போடறதுக்குப் பதிலா கொஞ்ச மாசம் பொறுத்து ஏஎம்4 (ஏஎம்டி-யோட ரைசன் ப்ராசஸர் மாட்டற சாக்கெட்) போ ப்ரோ. 2016-ல வந்த சாக்கெட், அதுல 2022-ல 5800எக்ஸ்3டி ப்ராசஸர் வரைக்கும் வந்துச்சு. ரைசன் 5 5600-க்கு ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட் தான். உன் 1050 டிஐ-யை அப்படியே அதுல மாட்டிக்கலாம்.

கொளத்தூர்_அக்கா:
தம்பி ரைசன் சொல்றது நியாயம் தான். ஆனா 5600-க்கு போர்டும் டிடிஆர்4 ரேமும் சேர்த்து வாங்கணும், எட்டாயிரத்துக்குள்ள அடங்காது. பையன் இந்த வருஷமும் விளையாடணும்ல. என் கணக்கு இது தான்: பழைய சிஸ்டத்துல எல்லாக் காசையும் போட்டுடாத, மீதியை ஏஎம்4-க்கு எடுத்து வை.

பெரம்பூர்_பையன்:
அக்கா, பண்ணிப் பார்த்துட்டேன். கவுன்டர்-ஸ்ட்ரைக்ல 720-க்கு இறக்கியும் ஒண்ணும் மாறல, நாலு கட்டமும் நூறுல நிக்குது. மெமரி 90 சதவீதத்துக்கு மேல. ஜிடிஏல மட்டும் 720-ல நல்லா ஏறுது. போர்டுல ஐ7-4790 கூட ஓடுமா? அதுவும் ஒரு கடையில இருக்கு.

கொளத்தூர்_அக்கா:
அப்ப ஜிடிஏக்கு ஐ7 போட்டும் பெருசா எதுவும் நடக்காது, அங்க செட்டிங்ஸ்ல ஷேடோவையும் கிராஸையும் (புல்) குறைச்சு வச்சுக்கோ. கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு முதல்ல ரேம் மட்டும் வாங்கிப் போட்டு ஒரு வாரம் விளையாடிப் பாரு. அப்பவும் நின்னு நின்னு வந்தா ஐ7.

4790 ஓடும். உன் 4460-ம் 2014-ல அதே செட்ல வந்தது தான், அதுக்கு வேண்டிய பயாஸ் (சிஸ்டத்தை ஸ்டார்ட் பண்ற சாஃப்ட்வேர்) உன் போர்டுல ஏற்கெனவே இருக்கு. இருந்தாலும் போர்டு கம்பெனி சைட்ல சிபியு லிஸ்ட்டை ஒரு தடவை பார்த்துடு. 4790கே யாராவது நீட்டினா வேண்டாம்னுடு. எச்81-ல அதை வேகத்தை ஏத்தி ஓவர்க்ளாக் பண்ணவா போற, சும்மா விலை தான் ஜாஸ்தி.

வாங்கும்போது மேல பொறிச்சிருக்கிற பேரை நம்பாத, அவங்க மெஷின்லயே மாட்டி சிபியு-இசட் சாஃப்ட்வேர்ல காட்டச் சொல்லு. பத்து நிமிஷமாவது லோடு கொடுத்து ஓடணும். பில்லுல எத்தனை நாள் ரீப்ளேஸ்மென்ட்னு கையால எழுதி வாங்கு. மாட்டும்போது ஜாக்கிரதை, இதுல ஊசி எல்லாம் போர்டு சாக்கெட்ல இருக்கு. சிப் கை நழுவி விழுந்து ஊசி வளைஞ்சா போர்டே போச்சு. ரெண்டு சிப்புக்கும் 84 வாட் தான், உன் எஸ்எம்பிஎஸ் தாங்கும். ஆனா எட்டு த்ரெட்டும் வேலை செஞ்சா சூடு ஏறும். சிப் மேல இருக்கிற பழைய தெர்மல் பேஸ்ட்டை சுரண்டித் துடைச்சுட்டு புதுசு போடு, கூலர் நடுவுல அடைஞ்ச தூசியை எடு, நாலு முனையும் க்ளிக்னு உட்கார்ந்துச்சான்னு போர்டைத் திருப்பிப் பாரு. ஏசி இல்லாத ரூம்ல மே மாசம் விளையாடப் போறவன் நீ. நூறு டிகிரியைத் தொட்டா சிப் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும், அப்புறம் ஐ7 போட்ட பலனே இருக்காது.

பெரம்பூர்_பையன்:
சரிங்கக்கா. சனிக்கிழமை போய் ரேம் மட்டும் வாங்கிட்டு வந்து சொல்றேன். சென்ட்ரல்ல இறங்கி மெட்ரோல அரசினர் தோட்டம் போனா கிட்ட தானே?

அம்பத்தூர்_ரைசன்:
அடுத்த ஸ்டேஷன் தான், அங்கேருந்து நடந்துடலாம். காலையில கடை திறந்த உடனே போ ப்ரோ, மத்தியானத்துக்கு மேல அந்தத் தெருவுல யாரும் நின்னு டெஸ்ட் பண்ணிக் காட்ட மாட்டாங்க.