லாரிப் பட்டையில் அடித்த கத்தி துவைச்சலில் விரிசல் விடுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

கரியும்காற்றும்:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் வீட்டுக் கொல்லையில் சின்ன உலை ஒன்று வைத்து, லீவு நாட்களில் இரும்பு அடித்துப் பழகி வருகிறேன். பழைய பிரேக் டிரம்முக்கு அடியில் குழாய் பொருத்தி பிளோயர் மாட்டியிருக்கிறேன். கரி, எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் சீமைக்கருவேலங்கரி. இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லுக்குத் தண்டவாளத் துண்டு.

பழைய இரும்புக் கடையில் வாங்கிய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, அம்மாவுக்கு ஒரு அடுக்களைக் கத்தி அடித்தேன். வடிவம் நன்றாகவே வந்தது. பழுக்கக் காய்ச்சி, இறுகுவதற்காகத் துவைச்சல் போட வாளித் தண்ணீரில் முழுதாக முக்கினேன். உள்ளே போன உடனே ‘டிக்’ என்று ஒரு சத்தம். துடைத்துப் பார்த்தால் வெட்டும் வாய்ப் பக்கத்திலிருந்து முதுகை நோக்கி மெல்லிய விரிசல். அடுத்துச் செய்த கத்தியிலும் அதேதான்.

பட்டையின் கனம் 12 மி.மீ. வாயை அரை மி.மீ. அளவுக்குச் சாணை பிடித்த பிறகு துவைச்சல் போட்டேன். நிறம் நல்ல ஆரஞ்சு, மதிய வெயிலில் பார்த்தது. இதே முறையில் டிஎம்டி கம்பியில் அடித்த சின்னக் கத்தி விரிசல் விடவே இல்லை, ஆனால் தக்காளிகூட வெட்டவில்லை.

இரும்பு சரியில்லையா, தண்ணீரா, உலையா? விரிசல் விட்டதைக் காப்பாற்ற முடியுமா? இது பிடிபட்டால் அடுத்து விறகு பிளக்க ஒரு கைக்கோடாலி அடிக்க ஆசை. காம்பு நுழையும் அதன் கண்ணை எப்படித் துளைப்பது என்றும் சொல்லுங்கள்.

எண்ணெய்த்தொட்டி:

கோவையில் ஹீட் ட்ரீட்மென்ட் வேலையில் இருப்பவன். நீங்கள் எழுதியதிலேயே பதில் பாதி இருக்கிறது.

முதலில் டிஎம்டி. கட்டடக் கம்பியில் கரிமம் 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது ஐஎஸ் 1786 என்ற இந்தியத் தர விதி. அந்த அளவு கரிமத்தை என்ன செய்தாலும் கத்தி வாய்க்கான கடினம் வராது. அதனால்தான் விரிசலும் விடவில்லை, வெட்டவும் இல்லை. அதைக் கத்திக்கு மறந்துவிடுங்கள், கொக்கி, ஆணி அடித்துக் கை பழகலாம்.

லாரிப் பட்டை வேறு சாதி. நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் இஎன் 45 அல்லது எஸ்யூபி 9 ரகம். இரண்டிலும் கரிமம் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை. முதலாவதில் சிலிக்கான் அதிகம், இரண்டாவதில் குரோமியம் உண்டு. இரண்டுமே எண்ணெயில் குளிர்வதற்கென்று செய்த உருக்கு. தண்ணீர் சூட்டை மிக வேகமாகப் பிடுங்கும். அரை மி.மீ. வாய் நொடியில் இறுகிவிடும், கனமான முதுகு இன்னும் சிவப்பாக இருக்கும். பிறகு முதுகு இறுகி விரியும்போது ஏற்கெனவே கண்ணாடியாகிவிட்ட வாய் கொடுக்க மாட்டாமல் பிளக்கிறது. நீங்கள் கேட்ட ‘டிக்’ அதுதான்.

ஆனால் தண்ணீர் மட்டும் காரணம் என்று நினைக்கவில்லை. வெயிலில் நிறம் பார்த்தால் கண் ஏமாந்துபோகும். நடுப்பகலில் ஆரஞ்சாகத் தெரியும் இரும்பு, இருட்டில் பார்த்தால் மஞ்சளாக இருக்கும். அதாவது நீங்கள் நினைத்ததைவிட 150 டிகிரிகூட ஏறியிருக்கலாம். அந்தச் சூட்டில் இரும்புக்குள் இருக்கும் மணிகள், அதாவது நுண்படிகங்கள், பெருத்துவிடும், பெருத்த மணி விரிசலுக்கு வழி விடும். ஒரு வேலை செய்யுங்கள். விரிசல் விட்ட கத்தியைத் துணியில் சுற்றி வைஸில் பிடித்து உடையுங்கள், கண்ணாடி கண்டிப்பாகப் போட்டுக்கொண்டு. உடைந்த முகம் எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.

பட்டறைமகன்:

தம்பி, நான் திருப்பாச்சேத்திப் பக்கம். தாத்தா காலத்தில் இருந்து அரிவாள் பட்டறை. மேலே அண்ணன் சொன்னதில் பழுது இல்லை, ஆனால் தண்ணீர் ஆகவே ஆகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பட்டறையில் இதே லாரிப் பட்டையைத்தான் தண்ணீரில் துவைச்சல் போடுகிறோம். முழுதாக முக்குவதில்லை, அவ்வளவுதான்.

வாயை மட்டும் ஒரு விரற்கடை ஆழம் தண்ணீரில் காட்டி, முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் நீர்மட்டக் கோட்டில் விரிசல் வரும். வாய் கறுத்து, முதுகில் சூடு இருக்கும்போதே வெளியே எடுத்து, சாணைக்கல் துண்டால் வாயை நாலு இழுப்பு இழுத்துப் பளபளப்பாக்க வேண்டும். முதுகுச் சூடு வாய்க்கு இறங்கி வரும். முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா, கடைசியில் நீலம். அரிவாளுக்கு எங்கே நிறுத்துவது என்பதைக் கண்தான் சொல்லும், நாங்கள் பழுப்பு ஊதாவைத் தொடும் நேரத்தில் அணைப்போம்.

இது அரிவாளுக்குச் சரி, முதுகு கனமானது. உங்கள் அடுக்களைக் கத்தி மெல்லிசு. அதில் தேக்கிவைக்கச் சூடே இருக்காது. அதனால் கத்திக்கு அண்ணன் சொன்ன எண்ணெயே போங்கள்.

இன்னொன்று. சாணை முதலில், துவைச்சல் பிறகு என்பது தலைகீழ். வாயை ஒன்றரை, இரண்டு மி.மீ. கனத்தில் விட்டுவிட்டுத் துவைச்சல் போட வேண்டும். அப்புறம்தான் கூர்.

சாணைக்கல்:

வேறு இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை.

ஓடித் தேய்ந்த பட்டையில் உள்ளேயே பழைய விரிசல் இருக்கலாம். நடு போல்ட் ஓட்டையைச் சுற்றியும், கிளாம்ப் பிடித்த இடத்திலும் அதிகம். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். இன்னும் நல்லது, நாமக்கல், சங்ககிரி போல லாரி வேலை நடக்கும் ஊர்களின் ஸ்பிரிங் பட்டறையில் புதுப் பட்டையின் வெட்டுத் துண்டு கேட்டு வாங்குவது. அடித்து முடித்த கத்தியில் சந்தேகம் இருந்தால் மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தடவிவையுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு போடும். விரிசல் விட்டதை மறுபடி காய்ச்சி அடித்தால் ஒட்டாது. உள்ளே ஆக்சைடு பிடித்திருக்கும். அந்தக் கத்தியைச் சோதனைத் துண்டாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்டவாளத் துண்டு. எங்கிருந்து வந்தது என்று கேட்டு வையுங்கள். ரயில்வே ஏலத்தில் எடுத்ததற்கு ரசீது இல்லாவிட்டால், 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டத்தில் அதை வைத்திருப்பதே குற்றம். பழைய இரும்புக் கடையில் 50, 60 கிலோ எடையுள்ள தடித்த இரும்புக் கட்டை கிடைக்கும். அதை மரத்தண்டில் பதித்தால் தண்டவாளத்தைவிட நன்றாக அடி வாங்கும். தண்டவாளத் தகடு மெல்லிசாக இருப்பதால் பாதி அடி அதிர்விலேயே போய்விடும்.

கரியும்காற்றும்:

எல்லாருக்கும் நன்றி. தண்டவாளத்தைக் கொடுத்த கடையில் ரசீது இல்லை என்றார்கள், திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டை வாங்கிவிட்டேன்.

கத்தியை உடைத்துப் பார்த்தேன். உடைந்த முகம் அஸ்கா சர்க்கரையைக் கொட்டியதுபோல் பளபளவென்று மின்னுகிறது. விரிசல் இருந்த இடத்தில் மட்டும் கறுப்பு. இது நல்லதா கெட்டதா?

எண்ணெய் எது வாங்குவது? மெக்கானிக் ஷெட்டில் கழிவு இன்ஜின் ஆயில் சும்மாவே கிடைக்கிறது.

எண்ணெய்த்தொட்டி:

பளபளப்பு கெட்டது. சூடு மிஞ்சியதற்கு அதுவே சாட்சி. சரியாகச் செய்த துண்டை உடைத்தால் மணியே கண்ணுக்குத் தெரியாது, மங்கலான சாம்பல் நிறம்தான்.

கழிவு ஆயில் வேண்டாம். அதில் ஈயத் துகள் முதல் என்னென்னவோ இருக்கும், புகை நெஞ்சுக்கு ஆகாது. அது அடுக்களைக்குப் போகும் கத்தி வேறு. கடலை எண்ணெய் போதும், தீப்பற்றும் சூடும் அதிகம். 5 லிட்டராவது வேண்டும், இரும்பு அல்லது ஸ்டீல் பாத்திரத்தில், பிளாஸ்டிக் கூடவே கூடாது. இறுக்கமான மூடி பக்கத்தில் இருக்கட்டும். பற்றிக்கொண்டால் மூடி போட்டு அணைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறித்து ஆளையே எரிக்கும்.

இனி முறை. அடித்து முடித்ததும் கத்தியைச் சிவக்கக் காய்ச்சி, காற்று வீசாத இடத்தில் தானாகக் கறுக்கும்வரை ஆற விடுங்கள். இப்படி மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில். அடிக்கும்போது பெருத்த மணி இதில் சிறுத்துவிடும், உள்ளே இருக்கும் இழுவையும் போகும். பலர் தாண்டிப் போகும் படி இது. என் கணக்கில் எண்ணெயைவிட இதுதான் முக்கியம்.

துவைச்சலைச் சாயங்காலத்துக்கு மேல், அல்லது ஓலைப் பந்தலுக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். கம்பியில் ஒரு காந்தத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேல் ஒரு நிறம் ஏற்றினால் போதும், 840 பக்கம் வரும். இஎன் 45 என்றால் இன்னும் 20, 30 டிகிரி தாங்கும். எண்ணெயை 50, 60 டிகிரிக்கு முன்பே சுட வைத்திருங்கள், பச்சை எண்ணெய் கெட்டியாக இருப்பதால் மெதுவாகக் குளிர்விக்கும். நுனி கீழே இருக்க நேராக இறக்கி, வாயும் முதுகும் இருக்கும் திசையில் மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் கோணும்.

எடுத்ததும் அரத்தால் இழுத்துப் பாருங்கள். மேலே மெல்லிய மென்தோல் இருக்கும், அதைத் தாண்டினால் அரம் வழுக்க வேண்டும். வழுக்கினால் இறுகிவிட்டது. அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், இறுகிய வாயின் நொறுங்கும் குணம் குறைய, கை தாங்கும் சூடு வந்ததும் ஓடிஜி மின்னடுப்பில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறியதும் மறுபடி ஒரு மணி நேரம். ஓடிஜியின் திருகு சொல்லும் எண்ணை நம்பாமல் உள்ளே தனி தெர்மாமீட்டர் வையுங்கள்.

கத்திக்கு முன்னால் உடைந்த துண்டில் இதை முழுக்கச் செய்து, மறுபடி உடைத்துப் பாருங்கள்.

கரியும்காற்றும்:

துண்டில் செய்தேன். மூன்று முறை ஆறவிட்டு, இருட்டில் காந்தம் பார்த்து, கடலை எண்ணெயில் இறக்கினேன். சத்தமே இல்லை. உடைத்தால் சாம்பல் நிறம், மினுக்கம் எங்கும் காணோம். ஒரே இரும்பு, ஒரே உலை, இத்தனை வித்தியாசமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். புதுக் கத்தி அடுத்த வாரம். கோடாலிக் கண்ணைப் பற்றியும் சொல்லுங்களேன்.

பட்டறைமகன்:

சந்தோஷம் தம்பி. கோடாலிக்கு லாரிப் பட்டையை எடுக்காதீர்கள், 12 மி.மீ. கனத்தில் கண் துளைத்தால் இரண்டு பக்கமும் சுவர் நிற்காது. மென் இரும்பை மடித்து, நடுவில் உருக்குத் துண்டு செருகி, வெங்காரம் (போராக்ஸ்) தூவி உலையிலேயே ஒட்டுவது பழைய வழி. அது இரும்பு மஞ்சளைத் தாண்டி வெளுக்கும் சூட்டில் நடக்கும் வேலை. ஒரு கண் அசந்தால் உருக்கு பொரிந்துபோகும். பக்கத்தில் தெரிந்த ஆள் நின்று காட்டாமல் அதைத் தொட வேண்டாம்.

சாணைக்கல்:

அண்ணன் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். எளிய வழி, பழைய சுத்தியல் தலை. ஒரு கிலோவுக்குள் எடை, கண் ஏற்கெனவே இருக்கிறது, இரும்பும் பெரும்பாலும் இறுகும் ரகம்தான். கண்ணுக்குள் அதே வடிவ இரும்பு ஆப்பைச் செருகிவைத்து ஒரு பக்கத்தை அகட்டி அடித்தால் கண் நசுங்காது. அடித்து முடித்ததும் ஆப்பு தட்டினால் வெளியே வர வேண்டும், அதனால் சற்றுச் சரிவாகத் தீட்டியிருங்கள்.

நீங்களே துளைக்க வேண்டும் என்றால் இஎன் 8 ரக உருக்குக் கட்டை வாங்குங்கள். நல்ல ஆரஞ்சுச் சூட்டில் நீள்வாய்ப் பொளியால் (நீண்ட முனையுள்ள துளைக்கருவி) பாதிக் கனம்வரை இறக்கி, திருப்பிப் போட்டு, கறுத்துத் தெரியும் இடத்தில் மறுபக்கத்தில் இருந்து அடித்தால் சின்ன வில்லை தெறித்து விழும். ஒவ்வொரு நாலைந்து அடிக்கும் பொளியை எடுத்துத் தண்ணீரில் தோய்த்து, துளையில் ஒரு சிட்டிகை கரித்தூள் போடுங்கள். இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு வராது. அப்புறம் ஆப்பால் அகட்டுங்கள். துளை ஒரு பக்கம் சாய்ந்தால் காம்பு என்றைக்கும் நேராக நிற்காது, அதனால் நடுக்கோட்டை உளியால் ஆழமாகக் குறித்த பிறகே தொடங்குங்கள்.

எண்ணெய்த்தொட்டி:

இஎன் 8-இல் கரிமம் 0.4 தான், அதைத் தண்ணீரில் போடலாம், வாயை மட்டும். பட்டறைமகன் அண்ணன் சொன்ன நிறம் ஓட்டும் முறை இங்கே அப்படியே பொருந்தும், பின்னால் சூடு தேங்க நிறைய இரும்பு இருக்கிறதே. வாயில் பழுப்பு வந்ததும் நிறுத்துங்கள். கண்ணும் பின்தலையும் இறுகவே கூடாது, அடி வாங்கும்போது அங்கேதான் தெறிக்கும். கால்வனைஸ் பூச்சுள்ள எதையும் உலையில் வைக்காதீர்கள், துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

பட்டறைமகன்:

ஒரு சங்கதி. 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ, வீட்டுக்கோ தோட்டத்துக்கோ தொழிலுக்கோ சேராத ஆயுதம் அடித்தால் அது ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடும். அடுக்களைக் கத்திக்கும் விறகுக் கோடாலிக்கும் பயமில்லை. ஆனால் பழக்கத்துக்கு வாள் அடிக்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். வாங்க வருபவர் பெயர், முகவரி எழுதிவைக்கச் சொல்லி 2021-இல் போலீஸ் சொன்னதில் இருந்து நாங்களே பதிவேடு வைத்திருக்கிறோம்.

காம்புக்குக் கருவேலம் எடுங்கள், நாட்டுக்கருவேலம், நன்றாகக் காய்ந்தது. பச்சைக் காம்பு போட்டால் சுருங்கித் தலை கழன்று பறக்கும். கண்ணில் காம்பு நுழையும் பக்கத்தைவிட மறுபக்கத்தைச் சற்று அகலமாக அகட்டி, அந்தப் பக்கத்தில் இருந்து ஆப்பு அடியுங்கள்.