21 இலக்க எண் வகுபட மாட்டேன் என்கிறது, அவசரம்

பீனிக்ஸ்67: வணக்கம். 147573952589676412927 பகு எண் என்கிறார்கள். 193707721ஆல் வகுத்தால் மீதி வருகிறது. பழைய பட்டியலில் பகா எண் என்றிருக்கிறது. எது சரி? நாளைக் காலை வகுப்பில் காட்ட வேண்டும்.

டொங்காட் அக்கா: எதில் வகுத்தீர்கள் தம்பி? கைபேசியா, கணினியா? மீதி எவ்வளவு?

டர்பன் வடக்கு: காற்புள்ளிதான் வில்லன், பந்தயம் கட்டுகிறேன். தென்னாப்பிரிக்க அமைப்பில் தசமத்துக்குக் காற்புள்ளி, சூத்திரத்துக்குள் அரைப்புள்ளி. மாற்றிப் போட்டிருப்பீர்கள்.

வெருலம் கணக்கர்: அது 2^67−1 என்பதைக்கூடக் கவனிக்காமல் ஒரு கேள்வி! 2^n−1 பகா எண்ணாகும் n எவை என்று பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644இல் தந்த பட்டியலில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 விடுபட்டவை. 2^67−1 பகு எண் என்று 1876இல் கணிதவியலாளர் லூக்காஸ் காரணியே காணாமல் நிறுவினார். 1903இல் இன்னொரு கணிதவியலாளர் கோல் தந்த காரணிகள்: 193707721 × 761838257287. படித்துவிட்டு வரவும்.

பீனிக்ஸ்67: எக்செல். காற்புள்ளி போடவில்லை. கடைசி ஆறு இலக்கமும் 000000 ஆகிவிடுகிறது.

டொங்காட் அக்கா: இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! எக்செல் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். உங்கள் 412927 அங்கேயே போய்விட்டது. தட்டும் முன்பே உரையாக மாற்றினால் பார்க்க முழுசாக இருக்கும், வகுக்கும்போது அதே கதி. 2^67−1 என்று சூத்திரமாகக் கொடுத்தாலும் அந்த 1 கழியாது.

பெரிய எண்ணைத் தொடவே வேண்டாம். முதல் வரிசையில் 1. அடுத்த வரிசை: மேலே உள்ளதை இரட்டித்து, 193707721ஆல் வகுத்த மீதி. கீழே இழுங்கள். 29ஆம் வரிசையில் 74727735 வராவிட்டால் நிறுத்திச் சூத்திரத்தைப் பாருங்கள். 68ஆம் வரிசையில் 1 வரும். 2^67இன் மீதி 1 என்றால், ஒன்று குறைந்த நம் எண் மீதியின்றி வகுபடும்.

வெருலம் கணக்கர்: 68 வரிசையா! 2^33இன் மீதி 66794868. 2^67 என்பது 2^33இன் வர்க்கத்தின் இருமடங்கு, எனவே அந்த மீதியை வர்க்கமாக்கி இரட்டித்தால் 8923108782274848. அதில் 46064807 × 193707721 கழித்தால் 1. முடிந்தது.

டர்பன் வடக்கு: 16 இலக்கம் ஐயா. 15க்கு மேல் நிற்காது என்று இப்போதுதானே அக்கா சொன்னார்?

வெருலம் கணக்கர்: கையால் தட்டினால் நிற்காது. கணக்கிட்டு வருவது 2^53, அதாவது 9007199254740992 வரை உள்ளே சரியாக நிற்கும். திரையில்தான் கடைசி இலக்கம் 0.

டொங்காட் அக்கா: மயிரிழையில் தப்புகிறது. வேறு மீதியின் வர்க்கம் 17 இலக்கம் வரை போகும், அப்போது இந்தக் குறுக்குவழி கவிழும். பைதான் நிரல்மொழி இருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. ஒற்றைச் சாய்கோடு மட்டும் போடாதீர்கள், அது தசமமாக்கிவிடும். மீதிக்கு %.

மாரிட்ஸ்பர்க்: இது குறை எண்ணும்கூட. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை 762031965009தான், எண்ணைவிடச் சிறியது. அது போக, ‘முதன்மை எண்’ என்பதே நல்ல சொல், ‘பகா எண்’ அல்ல.

டர்பன் வடக்கு: பகுபடாதது பகா. இதில் முதன்மை எங்கே வந்தது?

பீனிக்ஸ்67: 68இல் 1 வந்தது. நன்றி அக்கா.

மாரிட்ஸ்பர்க்: இலங்கைப் பாடநூலில் முதன்மை எண்தான்.